சேற்று மாதங்களுக்குப் பித்தளை வால் கிளிப்: நீண்ட நாள் பாவித்த அனுபவம்

குதிரை வண்டி ஓட்டுகிறவர்கள் சேற்றுக் காலத்தில் வாலை என்ன செய்வது என்று கேட்டால் நான் தயங்காமல் வாலை மடித்துப் பிடிக்கிற பித்தளை வால் கிளிப்பைத்தான் சொல்வேன். ஆனால் வண்டியில் பூட்டியிருக்கிற நேரத்துக்கு மட்டும், அதுவும் இலையான் வராத மாதங்களில். இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டால் இதே சாமான் குதிரைக்குப் பெரிய தொல்லையாகிவிடும். சில வருடங்களாக இதைப் பாவித்துப் பார்த்து வந்த முடிவு இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்ராறியோவில், எல்மைரா பக்கம். வண்டிப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரான்டர்ட்பிரெட் இனப் பெண்குதிரை ஒன்றை ஒரு பண்ணையில் விட்டு வளர்க்கிறோம். இரண்டு சில்லு வண்டியில் பூட்டி கிராமத்துச் சரளைக்கல் வீதிகளில் ஓட்டுவோம். மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முழுக்க இந்த வீதிகள் படுமோசம். மேலே வெயிலில் உறைபனி இளகிவிடும், கீழே மண் இன்னும் உறைந்தே கிடக்கும், தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேல்மண்ணோடு குழைந்து சேறாகிவிடும். இதோடு மாரி முழுக்கப் பெருந்தெருக்களில் கொட்டிய உப்பும் சேர்ந்துகொள்ளும். எங்கள் குதிரையின் வால் கணுக்கால் வரைக்கும் தொங்குகிற அடர்த்தியான வால். ஒரு மணித்தியாலம் ஓடினால் அடிப்பாதி முழுக்கச் சேற்றில் ஊறி, வீசுகிற ஒவ்வொரு முறையும் சேணத்திலும் வண்டி முகப்பிலும் என் முகத்திலும் அடிக்கும். திரும்பி வந்து அந்தக் குளிரில் வாலைக் கழுவினால் காய்வதற்கு நேரமாகும், கழுவாமல் காயவிட்டுச் சீவினால் மயிர் கொத்தாக முறியும். வால்மயிர் மாதத்துக்கு 2 சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும், ஆகவே நடுவில் முறிந்த மயிர் பழைய நீளத்துக்கு வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அழுக்கை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வண்டி ஓட்டும்போது கடிவாள வார் குதிரையின் முதுகுக்கு மேலாக நம் கைக்கு வருகிறது. குதிரை வாலை வீசி, வார் வாலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலான குதிரைகள் வாலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது நாம் பதறி வாரை இழுத்தால் இன்னும் இறுக்கும், சில குதிரைகள் உதைக்கும், சில பாய்ந்து ஓடும். இழுக்காமல் வாரைத் தளர்த்திக் கொடுத்து, குதிரையை அமைதிப்படுத்தி, வால் தளர்ந்ததும் எடுப்பதுதான் முறை. வாலின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டிவிட்டால் வீச்சு குறைகிறது, ஈரப் பாரமும் இல்லை, வார் மாட்டுவது மிகவும் குறைந்துவிட்டது. முழுதாக நிற்காது, அதை நம்பிக் கவனத்தை விடவும் கூடாது.

ஒரு காலத்தில் இந்தப் பயத்துக்குத்தான் குதிரையின் வாலையே எலும்போடு வெட்டினார்கள். வண்டிக் குதிரைகளுக்கும் பாரமிழுக்கும் குதிரைகளுக்கும் அது சாதாரண வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் 1949இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒரு கிளிப்போ ஒரு முடிச்சோ செய்யக்கூடிய வேலைக்கு ஒரு உயிரின் அங்கத்தை அறுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கொதிக்கிறது.

சரி, சாமானுக்கு வருவோம். என்னிடம் இருப்பது உள்ளங்கை நீளத்துக்கு வளைந்த இரண்டு பித்தளைத் தகடு. ஒரு முனையில் கீல், மறுமுனையில் கொளுக்கி, உள்ளே மெல்லிய ஸ்பிரிங் தகடு. பெண்கள் தலைமயிருக்குப் போடுகிற பெரிய கிளிப்பைப் போலத்தான் இருக்கும், ஆனால் தகடு தடிப்பானது, கொளுக்கியின் நாக்கும் பெரியது. சேணச் சாமான்கள் ஏலத்தில் ஒரு பெட்டிப் பழைய பொருட்களோடு வந்தது. யார் செய்தது, எப்போது செய்தது என்று எதுவும் பொறிக்கப்படவில்லை. இந்த மாதிரிச் சாமான்கள் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிறைய வந்தன. அப்போது பட்டண வீதிகளே பாதி சேறுதானே. அயோவா மாநிலத்தின் டெமொய்ன் நகரத்தில் ஒரு நிறுவனம் 'பெர்ஃபெக்ஷன்' என்ற பெயரில் மினுக்கிய உலோக வால்கட்டி விற்றிருக்கிறது. சேறு பிடித்த வாலைக் கழுவிக்கொண்டிருப்பதை விட இது மேல் என்பதுதான் விளம்பரம், மாதிரிக்கு ஒன்று 25 சதம். அந்த விளம்பரத்தில் பொய் இல்லை என்று நான் அனுபவத்தில் சொல்வேன்.

மாட்டுகிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. குதிரை வாலின் மேல்பகுதிக்குள் எலும்பு இருக்கிறது, முதுகெலும்பின் தொடர்ச்சி, சிறு சிறு எலும்புகளாக. அதற்கு மேல் தோலும் சதையும் நரம்பும் இரத்தக் குழாய்களும். அந்த வால்தண்டு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே வெறும் மயிர்தான், கிளிப் அங்கேதான் கடிக்க வேண்டும். தண்டின் மேல் இறுக்கமான எதையும் போடக்கூடாது, அது உலோகமோ துணியோ பாண்டேஜோ. இறுக்கம் இரத்த ஓட்டத்தை நிறுத்தினால் தோல் செத்துப்போகலாம், அந்த இடத்து மயிர் பிறகு வெள்ளையாக வளரலாம், மோசமானால் வாலே போகலாம்.

நான் செய்வது இப்படி. வாலைக் கையால் சிக்கெடுத்து, தண்டு முடிகிற இடத்துக்குக் கீழிருந்து தளர்வாக ஒரு பின்னல். பின்னலை மேல்நோக்கி மடித்து, நீளம் அதிகமென்றால் இன்னொரு மடிப்பு, பிறகு எல்லா மடிப்பையும் சேர்த்துப் பின்னலின் தலைப்பகுதியில் குறுக்கே கிளிப்பைப் போட்டு கொளுக்கியை அமர்த்துவேன். பொட்டலம் தண்டுக்குக் கீழே தனியாகத் தொங்க வேண்டும். வாலைக் கையால் தூக்கிப் பார்த்தால் தண்டு சுகமாக மேலே வர வேண்டும். இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் குதிரை ஓடிக்கொண்டே சாணம் போடும், அதற்கு வாலைத் தூக்கியாக வேண்டும். வாலுக்கு அடியால் போகிற தோல் வளையம், குரப்பர் என்பார்களே, அதற்குள் மயிர் எதுவும் சிக்கியிருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். ஒரே ஒரு மயிர் அங்கே இழுபட்டால் போதும், அமைதியான குதிரையும் குழம்பிவிடும். மினுக்கத்துக்கு வால்மயிரில் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கிறவர்கள் கிளிப் போடுகிற நாளில் அதை விட்டுவிடுங்கள், வழுக்கும், அரை மைல் போவதற்குள் கிளிப் கீழே இறங்கிவிடும்.

எங்கள் குதிரைக்கு வாலைத் தொடுவது புதிதல்ல. வண்டிப் பந்தயத்தில் சில குதிரைகளின் வாலை வண்டியோடு சேர்த்துக் கட்டுவார்கள், அதனால் பின்னால் நின்று வேலை செய்தாலும் அவள் பேசாமல் நிற்பாள். பழக்கமில்லாத குதிரை என்றால் முதலில் லாயத்தில் பக்கவாட்டாக நின்று வாலைத் தடவி, தூக்கி, மடித்துப் பழக்குங்கள். கொளுக்கி மூடும்போது வருகிற 'டிக்' சத்தத்தையும் தள்ளி நின்று கேட்கவிடுங்கள், சில குதிரைகள் அந்தச் சத்தத்துக்கே திடுக்கிடும்.

துணிநாடாவும் றப்பர் பாண்டும் பாவித்திருக்கிறேன். பின்னி மடித்து நாடாவால் கட்டுவது பழைய முறை, நல்ல முறை, செலவும் இல்லை. பிரச்சினை ஈரத்தில்தான். நாடா நனைந்து இறுகி, குளிரில் உறைந்துவிட்டால் முடிச்சை அவிழ்க்கவே முடியாது, கடைசியில் கத்திரிக்கோல்தான். றப்பர் மயிரை இழுத்துக்கொண்டு வரும், கழற்றும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மயிரோடுதான் வரும். பித்தளைக் கிளிப்பைக் கையுறையைக் கழற்றாமல் ஒரு கையால் திறக்கலாம், இதுதான் என்னை இதன் பக்கம் இழுத்தது. குதிரை சடுதியாகக் குழம்பினால் ஒரு தட்டில் வாலை விடுவிக்க முடியும் என்பது சின்ன விஷயம் இல்லை. போலோ ஆடுகிறவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் மட்டையில் வால் சிக்காமலிருக்க வாலைப் பின்னி மடித்து டேப் சுற்றுகிறார்கள், குதிரைகள் ஒன்றோடொன்று இடிபடுகிற அந்த விளையாட்டில் உலோகத்துக்கு இடமில்லை.

பிறகு இணையத்தில் புதிதாக ஒன்று வாங்கினேன், துருப்பிடிக்காத உருக்கு என்று போட்டிருந்தது. வீதி உப்பு பட்ட முதல் மாதத்திலேயே கீலைச் சுற்றிச் செந்துரு. முலாம் பூசிய சாதாரண இரும்புதான் அது, விற்றவர்களுக்கு எழுதியும் பதில் இல்லை. துரு அழகுக்குறை மட்டுமல்ல, சொரசொரப்பான விளிம்பு மயிரை அரம் போல அறுக்கும். பித்தளை உப்பில் கறுக்கும், மூலைகளில் பச்சை படியும், ஆனால் இப்படி உரிந்து போகாது. ஓட்டம் முடிந்ததும் வெந்நீரில் அலசித் துடைத்து, கீலில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். கடும் குளிரில் கொளுக்கிக்குள் ஈரம் உறைந்து திறக்க மறுக்கும், உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் இளகும். குறடு கொண்டு நெம்பினால் நாக்கு வளைந்துவிடும், பிறகு சரியாக மூடாது.

பழைய பித்தளையிலும் குறை உண்டு. உள்விளிம்பு கூராக இருந்ததால் கிளிப் கடிக்கிற அதே உயரத்தில் மயிர் முறிவது ஒரு பருவத்துக்குப் பிறகு தெரிந்தது. மெல்லிய எமரித் தாளால் விளிம்பை உருட்டித் தேய்த்து, உள்ளே ஒரு மெல்லிய தோல் துண்டை ஒட்டினேன். கடிக்கிற இடத்தையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே கீழே மாற்றுகிறேன். இப்போது முறிவு மிகக் குறைவு. நீங்கள் எதை வாங்கினாலும் முதலில் ஒரு நைலோன் காலுறையை விளிம்பில் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டினால் மயிரும் மாட்டும்.

மே மாதம் கறுப்பு இலையானும் நுளம்பும் வரத் தொடங்கியதும் கிளிப்பை ஆணியில் தொங்கவிட்டுவிடுகிறோம். என் மகள்தான் இதில் கண்டிப்பு. "அப்பா, அவள் வாலை வீச ஏலாமல் காலை அடிச்சுக்கொண்டு நிக்கிறாள், கழட்டுங்கோ" என்று வெப்பம் கொஞ்சம் ஏறின ஒரு நாளிலேயே சொல்லிவிட்டாள், அன்றோடு அந்தப் பருவத்துக்கு நிறுத்தினோம். நான் யாழ்ப்பாணத்துப் பக்கத்து நெடுந்தீவில் பிறந்தவன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. வறண்ட வெளியில் இரண்டு குதிரைகள் தலைக்கு வால், வாலுக்குத் தலையாக நின்று ஒன்றின் முகத்து இலையானை மற்றது வாலால் விரட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். குதிரைக்கு வால் அவ்வளவு வேலை செய்கிறது. எரிச்சல், வலி, பயம் எல்லாம் முதலில் தெரிவதும் வாலில்தான். அதை மடித்துக் கட்டும்போது அவள் நமக்குச் சொல்வதில் ஒரு பகுதியையும் சேர்த்துக் கட்டுகிறோம், ஆகவே காதையும் முதுகையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மேய்ச்சலுக்கு விடும்போதோ லொறியில் ஏற்றும்போதோ கிளிப் இருக்கவே கூடாது. லொறியில் குதிரை பின்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கும், உலோகம் சதைக்குள் அழுந்தும். மேய்ச்சலில் கழன்று விழுந்தால் வைக்கோலோடு கலந்துவிடும், குளம்புக்குள்ளும் ஏறலாம். சேணத்தைக் கழற்றுவதற்கு முன்பே கிளிப்பைக் கழற்றி ஆணியில் மாட்டுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு. ஆணி வெறுமையாக இருந்தால் யாரும் குதிரையை வெளியே விடுவதில்லை.

ஸ்பிரிங் தகடு போன வருடம் தளர்ந்துவிட்டது, வண்டி குலுங்கும்போது கொளுக்கி தானாகத் திறந்தது. பூட்டுத் திருத்துகிற ஒருவரிடம் கொடுத்துப் புதுத் தகடு போட்டேன், இப்போது உறுதியாக நிற்கிறது. பழையது வாங்கப் போகிறவர்கள் கொளுக்கியை மூடிவிட்டுக் கையில் வைத்துப் பலமாக உதறிப் பாருங்கள், திறந்தால் ஸ்பிரிங் மாற்றுகிற செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வால் மெல்லியதாக உள்ள குதிரைக்கு என் அளவு பெரிது, பொட்டலம் உள்ளே ஆடும், அப்படியானவர்கள் விரல் நீளத்தில் வருகிற சின்னக் கிளிப்பைப் பாருங்கள், இல்லையென்றால் நாடாவோடேயே இருங்கள்.