மைவி, பினாங்குப் பாலம், மூன்று செட் டயர்

2018 ஜூனில் மைவி 1.5 கார் எடுத்தேன். வீடு மலேசியாவில் பினாங்கின் பெருநிலப் பக்கம் பிறை என்ற ஊரில், வேலை தீவில் பாயான் லெப்பாஸில், அதனால் வாரத்தில் ஐந்து நாள் பினாங்குப் பாலத்தில் போய் வருகிறேன். போன மாதம் மீட்டர் 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. இத்தனை நாளில் எஞ்சினும் கியரும் எனக்குப் பெரிய வேலை எதுவும் வைக்கவில்லை. பயமுறுத்தியது டயர் மட்டும்தான், அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

2020 அக்டோபர். அந்த மாதத்தில் பினாங்கு மழை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாமியார் வீட்டிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு சாயங்காலம் பாலத்தில் வந்துகொண்டிருந்தேன். வேகம் 80ஐத் தாண்டவில்லை. திடீரென்று ஸ்டீரிங் கையில் கனமே இல்லாமல் போய்விட்டது, திருப்பினால் வண்டி கேட்காது என்பது உள்ளங்கையிலேயே தெரிந்தது. இரண்டு விநாடி இருக்கும். பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன், வண்டி மறுபடி ரோட்டைப் பிடித்தது. பின் சீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு வீடு வரும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் காலை நான்கு டயரையும் சுற்றிப் பார்த்தேன். பூ நன்றாகவே இருந்தது. (டயரில் தரையைத் தொடும் பள்ளக்கோடுகளை மலாயில் பூ என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) ஒன்றும் புரியாமல் பக்கத்து டயர் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் அண்ணன் வெளியே நின்றபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சு நிறுத்து" என்றார். ஒடித்து நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தால், முன் டயர் இரண்டிலும் உள் ஓரம் மொட்டையாக இருந்தது. இடது பக்கத்தில் கம்பி நூல் வெளியே தெரிந்தது. வெளிப்பக்கமும் நடுவும் 5 மி.மீ. ஆழத்தோடு அழகாக இருக்க, உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை.

காரணம் அலைன்மென்ட். அதற்குச் சில மாதம் முன்னால் இரவில் ஒரு குழியில் வேகமாக இறங்கியிருந்தேன். ரிம் வளையவில்லை, டயர் வீங்கவில்லை, சரி தப்பித்தோம் என்று விட்டுவிட்டேன். ஆனால் சக்கரம் நிற்கும் கோணம் கொஞ்சம் மாறிவிட்டது. முன் சக்கரங்கள் இரண்டும் நேராக ஓடாமல் மிகச் சிறிதளவு வெளிப்பக்கம் பார்த்து ஓடினால், ஒவ்வொரு மீட்டரிலும் டயர் ரோட்டின் மேல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும், உள் ஓரம் முதலில் காலியாகும். ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுத்தால்தான் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். என் வண்டி கடைசிவரை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. வண்டியோடு வந்த அந்த டயர்கள் 34,000 கிலோமீட்டரில் முடிந்தன. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, குனிந்து, கையை விட்டு உள் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது. குழியில் பலமாக விழுந்தால் அந்த வாரமே அலைன்மென்ட் பார்த்துவிடுகிறேன்.

இரண்டாவது செட்டில் அவசரப்பட்டேன். அன்றைக்கே மாற்றியாக வேண்டும், கையிலும் பெரிதாகப் பணம் இல்லை, விலை குறைந்ததாக நான்கு போட்டேன். புது ஸ்டாக் என்றுதான் கடையில் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து மழையில் டிராஃபிக் லைட்டில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கத் தொடங்கியது, பூவோ இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அப்போதுதான் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படித்தேன்: 2117. அதாவது 2017ஆம் வருஷத்தின் 21ஆவது வாரத்தில் செய்த டயர். நான் வாங்கும்போதே அதற்கு மூன்று வயது முடிந்திருந்தது. என் தாத்தா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் சும்மா கிடந்தாலும் வயதாகும், வெயிலும் காற்றும் பட்டால் இறுகி வெடிக்கும் என்பதை எங்கள் வீட்டில் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தும் வாங்கும்போது நான் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் வந்ததும், 27,000 கிலோமீட்டரில், பூ மிச்சம் இருக்கும்போதே கழற்றிவிட்டேன்.

2023 தொடக்கத்தில் போட்ட மூன்றாவது செட் மிஷெலின், அதே 185/55 ஆர்15 அளவு. இந்தத் தடவை டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே நான்கின் எண்ணையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி சொன்னேன். 39,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, மழையில் இதுவரை ஒரு தடவைகூட நம்பிக்கை குறையவில்லை. டயர் நல்லது என்பது ஒரு காரணம், நான் பார்த்துக்கொள்ளும் விதம் மாறியது இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மாறியதில் முக்கியமானது காற்று. முன்பெல்லாம் வேலை முடிந்து வரும் வழியில் பெட்ரோல் ஸ்டேஷனில் அடிப்பேன். அது தப்பு. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், 10 டிகிரி சூடு ஏறினாலே சுமார் 10 கேபிஏ (kPa, இங்கே காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடிவிடும், மெஷின் காட்டும் எண்ணை நம்பினால் உண்மையில் காற்று குறைவாகவே இருக்கும். இப்போது சனிக்கிழமை காலையில், வீட்டிலிருந்து முதல் வேலையாக, ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்டேஷனில் அடிக்கிறேன். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். இன்னொன்று, மெஷினில் உங்களுக்கு முன்னால் வந்தவர் வைத்த எண் அப்படியே நிற்கும். ஒருநாள் வேனுக்கு அடித்துவிட்டுப் போன 300 அப்படியே இருந்தது, கவனிக்காமல் குழாயை மாட்டியிருந்தால் என் டயரிலும் அதுதான் ஏறியிருக்கும்.

காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை சூடு. பக்கவாட்டு மடிந்து மடிந்து நிமிரும்போது டயர் உள்ளேயிருந்து சூடாகிறது, அந்த நிலையில் நான்கு பேரும் பெட்டியும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 110இல் கோலாலம்பூர் வரை போனால்தான் டயர் வெடிக்கிறது. குடும்பத்தோடு போகும் ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் காலையில் ஐந்து டயரையும் பார்க்கிறேன். ஐந்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 தீபாவளிக்குப் போகும்போது தைப்பிங் தாண்டி ஆணி ஏறியது, ஸ்பேரை எடுத்தால் அதில் 90 கேபிஏதான் இருந்தது. பக்கத்து ஓய்விடம் வரை ஊர்ந்து போனோம். உங்கள் வண்டியில் இருப்பது மெல்லிய தற்காலிக ஸ்பேர் என்றால் அதற்குப் பெரும்பாலும் 420 கேபிஏ வேண்டும், 80க்கு மேல் ஓட்டவும் கூடாது.

அந்த ஆணி ஓட்டையை வெளியிலிருந்து ரப்பர் திரி குத்தி அடைத்தார்கள். அவசரத்துக்குச் சரி. ஊர் திரும்பியதும் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போட்டேன், ஏனென்றால் உள்ளே பார்த்தால்தான் வேறு சேதம் இருக்கிறதா என்று தெரியும். பூ இருக்கும் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்குள் இருக்கும் ஓட்டைக்கு மட்டும்தான் இது. பக்கவாட்டில் ஓட்டையோ வீக்கமோ இருந்தால் டயரை மாற்ற வேண்டும், வேறு பேச்சே இல்லை.

சக்கரத்தில் காற்றழுத்தம் காட்டும் கருவியும் வாங்கிப் பார்த்தேன், வால்வ் மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டுவது. ஒன்று சரியாக உட்காராமல் அதன் வழியாகவே காற்று கசிந்தது. இறுக்கி மாட்டிய பின் பிரச்சினை இல்லை, ஆனால் அதை நம்பி சனிக்கிழமை சோதனையை விடவில்லை.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயரை இடம் மாற்றுகிறேன். முன் இரண்டும் நேராகப் பின்னால், பின் இரண்டும் குறுக்காக முன்னால். 90ஐத் தாண்டும்போது ஸ்டீரிங் அதிர்ந்தால் பேலன்சிங், அதாவது ரிம்மில் சின்ன எடைக் கட்டி ஒட்டிச் சக்கரத்தைச் சமப்படுத்துவது. ஒரு தடவை வண்டி கழுவும் இடத்தில் தண்ணீரை வேகமாக அடித்ததில் ரிம்மின் உள்ளே ஒட்டியிருந்த எடைக் கட்டி விழுந்துவிட்டது, அதனால் வந்த அதிர்வு அது. சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் 100 கிலோமீட்டருக்குள் நான்கு நட்டையும் குறுக்கு வரிசையில் என் கையால் சரிபார்க்கிறேன்.

நேற்று அளந்தேன். முன்னால் 3.4 மி.மீ., பின்னால் 4.2. 1.6 மி.மீ. வரை ஓட்டலாம், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அந்த அளவைத்தான் காட்டுகிறது. ஆனால் பாலத்தில் அந்த மழைக்குப் பிறகு 3க்குக் கீழே போக நான் விடுவதில்லை. தீபாவளிக்கு முன் இரண்டு மட்டும் புதிதாக வாங்கப்போகிறேன். புதுசை முன்னால் மாட்டத்தான் கடையில் எடுப்பார்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், ஸ்டீரிங்கால் காப்பாற்ற முடியாது. அதனால் இப்போது பின்னால் இருப்பதை முன்னால் போட்டுவிட்டு, புதுசு இரண்டையும் பின்னால் மாட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பேன்.