வெள்ளவத்தை வரி ஆலோசனை அலுவலகம்: அவுஸ்திரேலிய சுப்பர் பணத்தை எடுக்க முகவர் தேவையா?

வெளிநாட்டில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு, அங்கு விட்டுவந்த ஓய்வூதியச் சேமிப்பை (அவுஸ்திரேலியாவில் இதைச் சுப்பர் என்பார்கள்) எடுத்துத் தருவதாகவும் அதற்குரிய வரி அலுவல்களைக் கவனிப்பதாகவும் கூறும் அலுவலகங்கள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் சில உள்ளன. மெல்பேர்னில் தற்காலிக வேலை வீசாவில் இருந்து திரும்பிய நான், காலி வீதியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இயங்கும் அத்தகைய அலுவலகம் ஒன்றின் சேவையைப் பெற்றேன். கீழே சில குறைகளையும் எழுதவேண்டி இருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நிறையைச் சொல்வதே நியாயம். அங்கிருந்த மூத்த கணக்காளர் நான் நீட்டிய சுப்பர் கூற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி, கட்டுநாயக்கவில் குத்திய முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பென்சிலால் திகதிகளைக் குறித்துக்கொண்டார். ஒரு வரி மதிப்பாண்டில், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, 183 நாள் இங்கிருந்தவர் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி வதிவாளர் ஆகிறார் என்பதையும், வதிவாளர் ஒருவரின் உலகளாவிய வருமானம் முழுவதும் இங்கு கணக்கில் எடுக்கப்படும் என்பதையும், பணம் எந்த மதிப்பாண்டில் கைக்கு வருகிறது என்பது ஏன் முக்கியம் என்பதையும் அவர் விளக்கிய விதம் தெளிவாக இருந்தது. அவுஸ்திரேலியாவில் கழித்த வரிக்கான சான்றிதழைக் கவனமாக வைத்திருங்கள், நவம்பர் 30க்குள் இங்கு வருமான வரி விபரத்திரட்டு சமர்ப்பிக்கும்போது அது தேவைப்படும் என்றும் அறிவுறுத்தினார். இந்த அரைமணி நேரத்துக்கு அவர்கள் அறவிட்ட ஆலோசனைக் கட்டணம் எனக்கு உறுத்தவில்லை.

சிக்கல் அடுத்த மேசையில் தொடங்கியது. சுப்பர் பணத்தை எடுத்துத் தரும் பணிக்கு, கிடைக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டார்கள். ஒப்பந்தப் படிவத்தை ஊன்றி வாசித்தால் அந்தப் பங்கு வரி கழித்த பின் வரும் தொகைக்கல்ல, கழிப்பதற்கு முந்திய மொத்தத் தொகைக்கு என்று சிறிய எழுத்தில் இருந்தது. தற்காலிக வீசாவில் வேலை செய்து நாட்டைவிட்டு வெளியேறியவருக்குச் சேமிப்பை வழங்கும்போது, வழமையான சுப்பர் நிதியின் வரிக்குரிய பகுதியில் 35 சதவீதத்தை அவுஸ்திரேலியா கழித்துக்கொள்கிறது. வேலையுடன் கூடிய விடுமுறை வீசாவில் இருந்தவர்களுக்கு இது 65 சதவீதம். உதாரணத்துக்கு, 20,000 டொலர் முழுவதும் 35 சதவீத வரிக்குட்பட்டதெனக் கொண்டால், வரி போக மிஞ்சுவது 13,000. அதிலிருந்து மேலும் 2,000 டொலரை முகவருக்குக் கொடுப்பதென்றால், மிச்சத்தின் ஏழில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். யார் விண்ணப்பித்தாலும் கழிவு அதே வீதத்தில்தான் என்பதால், முகவரைப் பிடித்து வரியைக் குறைக்கலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை.

இத்தனைக்கும் அவுஸ்திரேலிய வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இந்த விண்ணப்பத்தை எவரும் கட்டணமின்றித் தாமே செய்யலாம். கையில் கடவுச்சீட்டு விபரம், ஒன்பது இலக்க வரிக் கோவை இலக்கம், நிதியின் உறுப்பினர் இலக்கம் ஆகியவை இருந்தால் போதும். நாட்டைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும், வீசாவும் முடிந்திருக்க வேண்டும் என்பவை இரண்டும் கட்டாய நிபந்தனைகள். வீசாவில் காலம் மிச்சம் இருந்தால் அதை இரத்துச் செய்யுமாறு நாமே கேட்கலாம். இந்த அலுவலகமோ என்னிடம் காகித விண்ணப்பத்தைத்தான் நீட்டியது. 5,000 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையைக் காகிதம் மூலம் கோருபவர், தமது வீசா நிலை குறித்து அந்நாட்டு உள்விவகாரத் திணைக்களத்திடம் தனிச் சான்றிதழ் ஒன்றைப் பணம் கட்டிப் பெறவேண்டும். இணையவழியில் கோரினால் அந்தச் சரிபார்ப்பு தானாகவே நடந்துவிடும். அலுவலகத்துக்கு இது தெரியாமல் இருந்தது என்று நம்புவது கடினம். படிவத்தை வாங்கிவைத்துவிட்டு வீட்டில் கணினி முன் அமர்ந்து நானே அனுப்பினேன். முழுமையான விண்ணப்பம் கிடைத்தால் நிதி நிறுவனம் 28 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்த வேண்டும் என்பது விதி. மெல்பேர்ன் வங்கிக் கணக்கை மூடாமல் வந்தது இங்கே பேருதவியாக இருந்தது. புறப்படும் அவசரத்தில் அதை மூடிவிட வேண்டாம்.

வெளியேறி ஆறு மாதம் கடந்தால் பணம் பறிபோய்விடும் என்று அந்த மேசையில் அச்சுறுத்தும் தொனியில் சொன்னார்கள். வெளியேற்றம், வீசா முடிவு ஆகிய இரண்டும் நிகழ்ந்து ஆறு மாதம் கழிந்தால் சேமிப்பு நிதி நிறுவனத்திடமிருந்து வரித் திணைக்களத்துக்கு மாற்றப்படும் என்பது உண்மை. ஆனால் அங்கிருந்தும் அதைக் கோரிப் பெறலாம். அவசரப்படுத்திக் கையொப்பம் வாங்குவதற்கு இது காரணமாகாது. அவுஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றவர்களுக்கு இந்த வழியே கிடையாது. கொழும்பில் நிரந்தரமாகக் குடியேறினாலும் பொதுவாக 60 வயதுவரை காத்திருக்க வேண்டும். அத்தகையவரிடம் “முன்கூட்டியே எடுத்துத் தருகிறோம்” என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுவதே உத்தமம். அவுஸ்திரேலிய வரிச் சேவையைக் கட்டணத்துக்குச் செய்பவர் அந்நாட்டு வரித் தொழிலர் சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். பதிவு உண்டா என்ற என்னுடைய கேள்விக்குச் சிட்னியில் உள்ள ஒருவர் மூலம் செய்கிறோம் என்ற பதிலே வந்தது, பதிவு இலக்கம் வரவில்லை.

கனடாவில் சேமித்தவர்களுக்கு எனது மதிப்பீடு வேறு. என்னுடன் வந்த நண்பர் இருபதாண்டுக்குச் சற்றுக் குறைவாக அங்கு வாழ்ந்தவர். அந்நாட்டின் பதிவுசெய்த ஓய்வூதியச் சேமிப்பை (RRSP) அங்கு வதிவாளரல்லாத ஒருவர் மொத்தமாக எடுத்தால் 25 சதவீதம் கழிக்கப்படும் என்பதோடு, முதியோர் ஓய்வூதியத்தைக் கனடாவுக்கு வெளியே தொடர்ந்து பெறுவதற்கு 18 வயதுக்குப் பின் குறைந்தது 20 ஆண்டுகள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்பதையும் மூத்த கணக்காளர் எடுத்துச் சொன்னார். நண்பருக்கு அது புதிய செய்தி; திரும்பிப் போய்ச் சில மாதங்கள் இருந்துவிட்டு வருவதா என்று இப்போது வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவரிடம் பங்கு எதுவும் கேட்காமல் ஆலோசனைக் கட்டணத்தை மட்டுமே வாங்கினார்கள். ரசீதைக் கேட்டால்தான் தருகிறார்கள் என்பதால் புறப்படுமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் குறித்துக்கொண்டு போவோர் மூத்த கணக்காளரையே சந்திக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையேல் நேரே அடுத்த மேசையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள்.