டெர்மினேட்டர் 2: எந்தப் பதிப்பைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

1991 ஜூலையில் வந்தபோது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்காகவே கூட்டம் கூடிய படம் இது. ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, அந்த கிராஃபிக்ஸை எவ்வளவு சிக்கனமாகச் செலவழித்திருக்கிறார்கள் என்பதுதான் கண்ணில் படும். இரண்டேகால் மணி நேரப் படத்தில் உருவம் மாறும் திரவ உலோக வில்லன் ரோபோவான டி-1000, கணினியில் உருவானதாகத் தெரிவது ஏறக்குறைய ஐந்து நிமிடம். மற்றபடி ரப்பர், ஸ்பிரிங், குரோம் பூச்சு, நிஜ லாரி, பாலத்துக்கு அடியில் நிஜமாகவே பறந்த ஹெலிகாப்டர். படம் பழசாகாமல் நிற்பது இதனால்தான்.

டி-1000 மீது குண்டு பாயும்போது நெஞ்சில் வெள்ளிப் பூப்போல ஒன்று விரியும். அது கிராஃபிக்ஸ் இல்லை. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டனின் குழு குரோம் நிறம் பூசிய ரப்பர் இதழ்களை மடித்து, ஸ்பிரிங் வைத்து, போலீஸ் சட்டைக்குள் ஒளித்திருந்தது. பொறியை விடுவித்ததும் சட்டையைக் கிழித்துக்கொண்டு விரியும். காயம் மூடிக்கொள்ளும் இடத்தில்தான் கணினி வருகிறது. மனநல மருத்துவமனையில் தரையிலிருந்து எழும் உருவம் காவலாளியாக மாறும் காட்சியில் இரண்டு காவலாளிகளும் நிஜ மனிதர்கள்: டான், டேன் ஸ்டான்டன் என்ற இரட்டையர்கள்.

அதே மருத்துவமனையில் கம்பிக் கதவை ஊடுருவும் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உடம்பு கம்பிக்குள் வழுக்கிப் போய்விடும். கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் 'டிங்' என்று கம்பியில் தட்டி நிற்கும். மணிக்கட்டைத் திருப்பி அதை உள்ளே எடுத்துக்கொள்வான். உடம்பு திரவம், துப்பாக்கி திடம்: வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது. அந்த வழுக்கும் ஒலி, டின்னிலிருந்து நாய் உணவு சரிந்து விழும் ஒலி. ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ரம் பதிவு செய்தது. அன்றைய கணினியால் தோலை நம்பும்படி செய்ய முடியாது. பளபளக்கும் உலோகத்தைச் செய்ய முடியும். வில்லனை உலோகமாக்கியது அந்த வகையில் மிகச் சரியான முடிவு.

முதல் தடவை பார்ப்பவர்கள் 137 நிமிடத் திரையரங்குப் பதிப்பிலேயே தொடங்குங்கள். வேகம் அதில்தான் சரியாக இருக்கிறது. அடுத்த தடவை, பதினைந்து நிமிடத்துக்கும் மேல் கூடுதலான ஸ்பெஷல் எடிஷன். அதில், காக்க வந்த ரோபோவாக நடிக்கும் அர்னால்டின் தலையைத் திறந்து, ரோபோவின் மூளையான சிப்பை எடுக்கும் காட்சி ஒன்றே போதும். கண்ணாடி முன் நடப்பதுபோல் தெரியும். ஆனால் அங்கே கண்ணாடியே கிடையாது. சுவரில் வெறும் திறப்பு. முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது பொம்மை, அருகில், சாராவாக நடிக்கும் லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி லெஸ்லி. 'பிம்பமாக' தெரிபவர்கள்தான் நிஜ லிண்டாவும் அர்னால்டும். கதைக்கும் இது முக்கியம்: சாரா அந்தச் சிப்பை உடைக்கச் சுத்தியலை ஓங்க, அவள் மகன் ஜான் தடுக்கிறான். தலைமை அவன் கைக்கு வரும் இடம் அது.

2017இல் உயர் தெளிவில் புதுப்பித்த 4கே மாஸ்டரில் வந்த பதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். ஃபிலிமின் கிரெய்னை, அதாவது அதில் இயல்பாக இருக்கும் பொடிப்புள்ளிகளை, அளவுக்கு மீறித் துடைத்ததில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டன. கிரெய்ன் போனால் தோலின் நுண்விவரமும் கூடவே போகும். ரிசொல்யூஷன் கூடியும் பயனில்லை. அதற்கு முந்தைய ப்ளூ-ரேக்கள் இந்த விஷயத்தில் மேல்.

டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மாறும். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாக ஃபிரேம் சேர்த்தால், கால்வாயில் லாரி பைக்கைத் துரத்தும் காட்சி டிவி சீரியல்போலத் தட்டையாகிவிடும். ஷார்ப்னஸையும் குறைத்து வையுங்கள். மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையை மறைக்க ஜூம் செய்தால் பக்கவாட்டில் படம் வெட்டுப்படும். லாரியையும் பைக்கையும் ஒரே சட்டகத்தில் வைத்திருப்பதன் பலனே போய்விடும்.

குறைகளும் உண்டு. ஸ்டன்ட் கலைஞர்களின் முகம் சில இடங்களில் பளிச்சென்று தெரிகிறது. கால்வாயில் குதித்ததும் விழுந்துபோகும் லாரிக் கண்ணாடி அடுத்த ஷாட்டில் திரும்ப வந்துவிடும். இதை 3டி வெளியீட்டின்போதுதான் திருத்தினார்கள்.

சாரா முதுமையில் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் மாற்று முடிவைப் படத்தோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். இருட்டுச் சாலையில் முடிவதுதான் இந்தக் கதைக்குப் பொருத்தம். பழைய அல்டிமேட் எடிஷன் டிவிடி கையில் இருந்தால், மெனுவில் 82997 என்று அழுத்தினால் அந்த முடிவுள்ள பதிப்பு திறக்கும். கதையில் அணுப்பேரழிவு நிகழும் 1997 ஆகஸ்ட் 29தான், அமெரிக்க முறையில் 8/29/97, அந்த எண்.