லங்காவியில் பாய்மரப் படகில் 19 மாதம்: ஒரு குசினிக்காரியின் கணக்கு

வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து காண்கிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "படகிலயாம் இருந்தனீங்கள், ஆட்டம் தாங்கினதே?" ஆட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. 19 மாதத்தில் அந்தப் படகு மரீனாவை, அதாவது படகுகள் கட்டிவைக்கும் துறையை விட்டு வெளியே போனது ஆறு தடவை. மிச்ச நாளெல்லாம் கட்டையில் கட்டின மாடுதான். தாங்க முடியாமல் இருந்தது சாமான் சுமக்கிற வேலை.

கணவருக்கு மலேசியாவின் லங்காவித் தீவில் படகு திருத்தும் வேலை. 38 அடிப் படகு ஒன்றின் சொந்தக்காரர் ஊருக்குப் போகும்போது எங்களை இருந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாடகை மிச்சம் என்று ஏறிவிட்டோம். அம்மா மட்டும் போனில், "மலாயாவுக்குப் போன எங்கட ஆக்கள் றெயில்வேயில உழைச்சுக் கல்வீடு கட்டினவை. நீங்கள் போய்த் தோணியில இருக்கிறியளோ?" என்றார்.

எங்கள் வாழ்க்கையை நடத்தியது கடலின் வற்றும் பெருக்கும்தான். கொழும்பில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றர்கூட வராது; காலிமுகத்திடலில் நாள் முழுக்க நின்றாலும் கண்ணில் படாது. லங்காவியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 3 மீற்றர் அளவுக்கு வித்தியாசம் வரும். படகு கட்டியிருக்கும் மிதவை மேடை தண்ணீரோடு சேர்ந்து இறங்கிவிடும், கரை இறங்காது. இரண்டுக்கும் இடையில் உள்ள பாலம் பெருக்கு நேரம் திண்ணை, வற்று நேரம் ஏணி. இது தெரியாமல் முதல் வாரமே ஒரு நல்ல வற்றில் தள்ளுவண்டியோடு இறங்கினேன். மேலே 10 கிலோ அரிசி, கீழே நிரம்பிய காஸ் சிலிண்டர். பாதியில் நான் வண்டியைத் தள்ளவில்லை, வண்டிதான் என்னை இழுத்தது. அரிசிப் பை கடலுக்குள் போனது. நான் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி பாலத்திலேயே குந்திவிட்டேன். பக்கத்துப் படகு வெள்ளைக்காரர் வந்து தூக்கிவிட்டார், சிலிண்டரை. அதற்குப் பிறகு வற்றுப் பெருக்கு அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் சாமான் துண்டே எழுதுவேன்.

காஸ் விஷயத்தில் படகு கண்டிப்பானது. சமையல் காஸ் காற்றை விடப் பாரம். வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம். படகில் அது அடித்தட்டுக்குப் போய்த் தேங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அதனால் சிலிண்டருக்கு வெளித்தட்டில் தனிப்பெட்டி, பெட்டியின் அடியில் கடலுக்கு ஒரு துவாரம். தேத்தண்ணி ஒன்று போட்டாலும் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். 2021 கடைசியில் கொழும்பில் காஸ் வெடித்த செய்திகளைக் கேட்டுக்கொண்டு குசினிக்குள் நின்றவளுக்கு இதை யாரும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாங்கின சாமான்களில் முழு மார்க் பிறஷர் குக்கருக்கு. காஸ் மிச்சம், உள்ளே வெக்கை குறைவு, படகு சரிந்தாலும் பருப்பு தரைக்கு வராது.

அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றக் கூடாது என்று முதல் நாளே சொல்லித் தந்தார்கள். மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கும். மேடையிலேயே பிரித்து, சாமானை மட்டும் உள்ளே எடுக்க வேண்டும். ஒரே ஒரு நாள், கொட்டுகிற மழையில், நூடில்ஸ் பெட்டியை அப்படியே இறக்கினேன். சில வாரத்தில் கேத்தலுக்குப் பின்னால் ஒரு குடும்பம் குடியிருந்தது. போரிக் பவுடரைச் சீனியும் பால்மாவும் சேர்த்து உருட்டி மூலை மூலையாக வைத்து, கடைசி ஆளை வழியனுப்ப இரண்டு மாதம் பிடித்தது.

கடைத்தெரு என்றால் குவா பட்டணம். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. சொக்லேட்டும் பீங்கான் கோப்பையும் மலிவு. மரக்கறி பெருநிலத்திலிருந்து கடல் தாண்டி வருகிறது, அதன் விலையில் தீர்வை விலக்கைக் காணக் கிடைக்காது. இரவுச் சந்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடத்தில் கூடும், கிழமையை மறந்தால் வெறும் மைதானத்தில் போய் நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, லங்காவி சேர்ந்திருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசாங்கக் கந்தோர்கள் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். நான் மூன்று வெள்ளிக்கிழமை வீணாகப் போனேன்.

வெள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. மளிகைக்கடை அக்கா முதல் நாள், "பசியாறிட்டீங்களா?" என்றார். என் முகத்தில் அவ்வளவு பசியா தெரிகிறது என்று யோசித்தேன். காலைச் சாப்பாடு ஆச்சா என்பதைத்தான் அங்கே அப்படிக் கேட்பார்கள். சாமானைக் கட்டிவிட்டு "ஆறு வெள்ளிம்மா" என்றார். ரிங்கிட்டுக்கு அங்கத்தைய தமிழில் வெள்ளி. கறிவேப்பிலைக்கு 19 மாதமும் அவர் காசு வாங்கவில்லை.

உடுப்புக்குக் காசு போட்டுத் தோய்க்கும் டோபிக் கடைகள் உண்டு, குறையில்லை. தோல் சப்பாத்து கொண்டு போகாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். கழிவறை கைப்பம்பு, அதைப் பற்றி இவ்வளவு போதும். மழைக்காலத்தில் விடியப்புறம் சுமாத்திராப் பக்கமிருந்து திடீரென்று ஒரு காற்று அடிக்கும். தூக்கத்தில் எழும்பிக் கூரை யன்னல்களை மூட வேண்டும். படுக்கைக்கு நேர் மேலே ஒன்று இருந்ததால் பிந்தினால் முகத்திலேயே தெரியும்.

கொழும்பில் இப்படி இருக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கொழும்புத் துறைமுகம் சரக்குக் கப்பல்களின் இடம். பாய்ப்படகில் வருகிறவர்கள் காலிக்கோ திருகோணமலைக்கோதான் போவார்கள். மிச்சம் பிடித்த வாடகையில் கால்வாசி கிராப் வாடகைக் காருக்கும் ஸ்கூட்டருக்கும் போனது. இருந்தாலும் நட்டமில்லை. தனியாளாகவோ முழங்கால் நோவோடோ என்றால் நான் போகச் சொல்ல மாட்டேன்.

போன கிழமை எங்கள் தொடர்மாடி வாசலில் குந்தியிருந்து பால்மாப் பெட்டியைப் பிரித்து, பைக்கற்றுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். காவல்கார ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மிஸ், லிஃப்ட் வேலை செய்யுது, பெட்டியோட கொண்டு போகலாமே" என்றார். வெறும் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே போனேன்.