ரெட் ரிவர் ப்ளூரே: மாட்டுச் சந்தைப் பக்கத்து ஆட்கள் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் உங்கள் பிளேயர் ஏ மண்டல (அமெரிக்கப் பக்கத்து) டிஸ்க்கை எடுக்குமா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். ரெட் ரிவர் என்பது மாட்டு மந்தையை நெடுந்தூரம் ஓட்டிப்போவதைப் பற்றிய பழைய ஹாலிவுட் படம், அதைப் பழைய படங்களை டிஸ்க்காகப் போடும் கிரைட்டீரியன் நிறுவனம் 2014-ல் வெளியிட்ட பெட்டி இது. உள்ளே ரெண்டு ப்ளூரே, ரெண்டு டிவிடி, ஒரு சின்னக் கையேடு, அப்புறம் படத்துக்கு மூலமான போர்டன் சேஸின் நாவல் முழுசாக ஒரு பேப்பர்பேக் புத்தகமாக. பழைய படத்தின் டிஸ்க்கை வாங்கினால் நாவலையும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் அபூர்வம், அதுவும் கடைகளில் கிடைக்காமல் போயிருந்த நாவல்.

நான் இருப்பது மீனாட்சிபுரம் பக்கம், கேரள எல்லைக்குள், ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். சித்தப்பா மாட்டு வியாபாரி. செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தை, அங்கே பிடிக்கிற உருப்படிகள் எல்லை தாண்டிக் குழல்மந்தம், வாணியங்குளம் என்று போகும். இப்போது எல்லாம் லாரி. சித்தப்பா சின்னப் பையனாக இருந்தபோது லாடம் கட்டி நடத்தியே கொண்டுபோவார்கள், அவரும் கூடவே நடந்திருக்கிறார். அதனால் இந்தப் படத்தை சினிமா ரசிகனின் கண்ணோடு மட்டும் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் ஒவ்வொரு காட்சிக்கும் தீர்ப்பு சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தத் தீர்ப்புகள் பாதி இந்த விமர்சனத்தில் இருக்கும்.

படம் 1948-ல் வந்தது, ஹோவர்டு ஹாக்ஸ் இயக்கம். எடுத்து முடித்தது 1946-ல். டாம் டன்சன் என்பவன் ஒரு காளையோடு டெக்சாசுக்கு வருகிறான், வழியில் மாட் என்ற அநாதைப் பையன் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்து சேர்கிறான். அந்த ஒரு காளையும் ஒரு பசுவும்தான் முதல். பதினாலு வருஷம் கழித்துப் பார்த்தால் பத்தாயிரம் உருப்படியை நெருங்கும் மந்தை, ஆனால் உள்நாட்டுப் போர் முடிந்து தென்பகுதி முழுக்க நொடித்துப் போய்க் கிடக்கிறது, வாங்க ஆளில்லை. மாடு ஒரு இடத்தில், பணம் ஆயிரம் மைலுக்கு அப்பால். அதனால் மொத்த மந்தையையும் மிசோரி மாநிலத்து செடேலியாவுக்கு நடத்தியே ஓட்டிப்போவது என்று முடிவு. போகப்போக டன்சன் சர்வாதிகாரி ஆகிறான், ஓடிப்போன ஆட்களைத் தூக்கில் போடப் போகிறேன் என்கிறான், அந்த இடத்தில் வளர்த்த பையனே எதிர்த்து நின்று மந்தையைப் பறித்துக்கொண்டு கன்சாஸில் இருக்கும் ஆபிலீனுக்குத் திருப்புகிறான். அங்கே ரயில் வந்திருப்பதாகக் கேள்வி, ஆனால் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை.

துப்பாக்கி, குதிரை, தொப்பி எல்லாம் இருந்தாலும் இது அடிப்படையில் சந்தைக்குப் போகிற வழியைப் பற்றிய படம். எந்தச் சந்தைக்குப் போவது, அங்கே வாங்க ஆள் இருப்பானா, போய்ச் சேரும்போது மாடு மாடாக இருக்குமா, இதுதான் கதை. சித்தப்பா முதல் அரை மணி நேரத்திலேயே இதைப் பிடித்துவிட்டார். "கண்ணு, இவன் கோவக்காரன் இல்ல, இவனுக்குச் சந்தை தெரியல, அதான் பயம்" என்றார். புத்தகம் படித்து எழுதுகிற விமர்சகர்கள் டன்சனைப் பற்றி அப்பா-மகன் மோதல், அதிகார வெறி என்று நிறைய எழுதுகிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் வாங்குகிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் மந்தையை வெளியே எடுத்தவனின் பதற்றம் என்று பார்த்தால் ஜான் வெய்னின் நடிப்பு இன்னும் நன்றாகப் பிடிபடுகிறது. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை. நரைத்த தலையும் கனத்த நடையுமாக ஒரு வயசாளியை அப்படியே நம்ப வைக்கிறார், கடைசிவரை அவரை மன்னிக்கவும் நமக்கு மனசு வருவதில்லை, வெறுக்கவும் முடிவதில்லை.

மாட்டுக்குச் சூடு போடுகிற காட்சியில்தான் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பயணம் கிளம்பும் முன் டன்சன் கண்ணில் பட்ட மாட்டுக்கெல்லாம் தன் சூட்டுக்கோலை வைக்கச் சொல்கிறான், அதில் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களின் மாடும் கலந்திருக்கிறது. ரெட் ரிவர் ஆற்றுக்கு ரெண்டு நெளிகோடு, டன்சனுக்கு ஒரு டி எழுத்து, இதுதான் சின்னம். ஆரம்பத்திலேயே பையன் கேட்கிறான், பசு என்னுடையதாச்சே, என் எழுத்து எங்கே என்று. உழைத்துக் காட்டு, அப்புறம் போடுகிறேன் என்கிறான் இவன். "மாடு அவனுது, பேரு இவனுது" என்று சித்தப்பா சொன்னது படத்தின் பாதிக் கதை. இன்னொன்று, அந்த நிலமே இவனுடையது இல்லை. நானூறு மைல் தள்ளி இருக்கும் மெக்சிகோக்காரருடைய நிலம், அவருடைய ஆளைச் சுட்டுப்போட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது. இதைப் படம் ஒளிக்கவில்லை, ஆனால் பெரிதாகக் கண்டிக்கவும் இல்லை, போகிற போக்கில் காட்டிவிட்டுப் போகிறது.

மந்தை மிரண்டு ஓடும் காட்சி இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ராத்திரி, மாடுகள் ஏற்கெனவே நிலைகொள்ளாமல் நிற்கின்றன, எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், ஒருத்தன் வண்டியில் சர்க்கரை திருடப் போய்ப் பாத்திரத்தைத் தள்ளிவிடுகிறான். அவ்வளவுதான். சித்தப்பா சொன்னது: ராத்திரியில் ஒரு மாடு வெருண்டால் போதும், மீதி எல்லாம் என்ன ஏது என்று பார்க்காமல் கூட ஓடும். கம்ப்யூட்டர் வேலை இல்லாத காலம், நிஜ மாடுகள், நிஜப் புழுதி. இதில் செத்துப்போகும் பையன் கொஞ்ச நேரம் முன்னால்தான் வீட்டுக்காரிக்குச் சிவப்புச் செருப்பு வாங்கிப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் சாப்பாட்டு வண்டியும் போய், கறியை மட்டுமே தின்றுகொண்டு, கருக்கிய தானியத்தில் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு போகிறார்கள். ஆட்கள் முகம் மாறுவது அந்தக் காப்பியிலிருந்துதான். மாடு ஓட்டும்போது சாப்பாடு கிடைக்கவில்லை என்றால் ஓட்டுகிறவன் எந்த நேரமும் பின்வாங்குவான், இது எங்கள் பக்கத்திலும் தெரிந்த சங்கதி.

சித்தப்பா கண்டுபிடித்த குறையையும் சொல்லவேண்டும். "இந்த மாட்டுல பாதிக்குக் கொம்பே சரியில்ல, மூஞ்சி வெள்ளையா இருக்கு, இது வேற சாதி" என்றார். சரியாகச் சொன்னார். கதைப்படி அத்தனையும் நீண்ட கொம்புள்ள லாங்ஹார்ன், ஆனால் படம் எடுத்த காலத்தில் அந்த இனம் அத்தனை கிடைக்காது, அதனால் இருந்த கொஞ்சத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் வெள்ளை முகத்து ஹெர்ஃபோர்டுகளை நிரப்பியிருக்கிறார்கள். போர் முடிந்த சமயத்து டெக்சாசில் ஹெர்ஃபோர்டு கிடையாது, அது பிறகு வந்தது. காங்கேயம் மாட்டுப் படம் என்று சொல்லிவிட்டு ஜெர்சியைக் காட்டுகிற மாதிரி.

வரலாற்றிலும் கொஞ்சம் நெளிவு உண்டு. ஆபிலீனில் ஜோசப் மெக்காய் என்பவர் ரயில் பக்கத்தில் மாட்டுப் பட்டிகள் கட்டியது 1867-ல், அதற்கப்புறம்தான் சிஷோம் பாதை வழியாக டெக்சாஸ் மந்தைகள் அங்கே வர ஆரம்பித்தன. படம் அதைப் போர் முடிந்த சூட்டோடு நடந்ததாகக் காட்டுகிறது. பத்தாயிரம் உருப்படியும் சினிமாக் கணக்குதான், நிஜத்தில் ஒரு ஓட்டத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம், அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள், நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல். அதற்கு மேல் நடத்தினால் மாடு இளைத்துப்போய் விலை போகாது. மிசோரியில் டெக்சாஸ் மந்தைகளை ஆயுதத்தோடு மறித்தது கொள்ளையர்கள் மட்டும் இல்லை, உள்ளூர் விவசாயிகளும்தான். டெக்சாஸ் மாட்டின் மேல் வந்த உண்ணி அவர்களுடைய மாட்டைக் காய்ச்சலில் கொன்றது, லாங்ஹார்னுக்கோ ஒன்றும் ஆகாது. படத்தில் கொள்ளையர்கள்தான் மிரட்டலாக வருகிறார்கள், இந்த உண்ணி விஷயத்துக்கு இடமே இல்லை. கோமாரி வந்தால் சந்தையை மூடுகிற ஊரில் இருக்கிற எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சரி, டிஸ்க்குக்கு வருகிறேன், காசு கொடுப்பது அதற்குத்தானே. படத்துக்கு ரெண்டு வடிவம் உண்டு, பெட்டியில் ரெண்டும் இருக்கின்றன. 127 நிமிஷம் ஓடுவது தியேட்டரில் வந்தது, அதில் டன்சனின் கூட்டாளியாக நடித்த வால்டர் பிரென்னன் கதை சொல்லிக்கொண்டே போகிறார். 133 நிமிஷம் ஓடுவது வெளியீட்டுக்கு முந்தையது, அதில் கதை சொல்லும் குரலுக்குப் பதிலாகக் கையால் எழுதின பழைய புத்தகப் பக்கங்கள் திரையில் வந்து போகும். பல வருஷமாகத் தொலைக்காட்சியிலும் டிவிடியிலும் பலர் பார்த்தது இந்த நீளமானதைத்தான், ஹாக்ஸுக்குப் பிடித்தது குட்டையானது. எனக்கும் குட்டையானதே மேல், காரணம் ரொம்பச் சாதாரணம், அந்தச் சாய்வெழுத்து இங்கிலீஷை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பக்கம் போய்விடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவும் நேரம் இல்லை. பிரென்னனின் பொக்கைவாய்ப் பேச்சும் முதலில் புரியாது, சப்டைட்டிலைப் போட்டுவிட்டால் பழகிவிடும். பொய்ப்பல்லைச் சூதாட்டத்தில் ஒரு செவ்விந்தியரிடம் தோற்றுவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கெஞ்சி வாங்குகிற ஆள் அவர். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் செவ்விந்தியருக்கு அந்த வேடிக்கையைத் தாண்டி வேலையே கொடுக்கவில்லை. மற்றபடி அம்பு விடுகிறவர்களாக மட்டுமே வருகிறார்கள், இன்றைக்குப் பார்க்கும்போது இது உறுத்துகிறது.

கடைசிச் சண்டைக்கு மட்டும் நீளமானதைப் போட்டுப் பாருங்கள். ஹோவர்டு ஹியூஸ் என்ற இன்னொரு தயாரிப்பாளர், இந்த மோதல் தன் படத்திலிருந்து எடுத்தது என்று தகராறு செய்ததால் தியேட்டர் வடிவத்தில் அந்த இடத்தைக் கத்தரித்திருக்கிறார்கள், வெளியீடும் தள்ளிப்போனது. டன்சன் மந்தைக்கு நடுவில் மாடுகளை விலக்கிக்கொண்டு நேராக நடந்து வருவதைப் பார்க்கையில் நான் மூச்சை விடவில்லை. அதற்கப்புறம் வருகிற முடிவு சப்பை. இவ்வளவு தூரம் கொலை வெறியோடு துரத்தி வந்தவனை டெஸ் என்ற பெண் வந்து திட்டிவிட்டுச் சமாதானம் செய்துவிடுகிறாள், ஜோன் ட்ரூ நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் எழுத்து அவருக்கு உதவவில்லை. நாவலில் இப்படி முடியாது, அங்கே டன்சன் செத்துப்போகிறான். படத்தை முடித்துவிட்டு நாவலைத் திறந்தால் இந்த வித்தியாசமே தனியாக ஒரு விருந்து, வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

அந்த வளர்த்த பையனாக நடித்த மாண்ட்கோமரி கிளிஃப்ட் பற்றி ஒரு வரி. நடித்த முதல் படம் அவருக்கு இதுதான், திரைக்கு முந்தி வந்தது வேறொன்று. வெய்ன் உறுமும் இடத்தில் இவர் சும்மா பார்க்கிறார், அந்தப் பார்வையே பதில் சொல்லிவிடுகிறது.

படம் கறுப்பு வெள்ளை, ரஸ்ஸல் ஹார்லன் ஒளிப்பதிவு. தியேட்டர் வடிவத்தை 2கே-யிலும் நீளமானதை 4கே-யிலும் சுத்தம் செய்திருக்கிறார்கள். கிளம்பும் விடியற்காலையில் கேமரா மந்தை முழுக்க மெதுவாகத் திரும்பிவர, எல்லாரும் தொப்பியை வீசிக் கத்துகிற காட்சி பெரிய டிவியில் அட்டகாசம். ஒலி மோனோதான், டிமிட்ரி டியோம்கினின் இசை உச்சத்தில் கொஞ்சம் காதைக் குத்துகிறது. கூடுதலாக வைத்திருப்பதில் இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் ரெண்டு வடிவத்தையும் ஒப்பிட்டுப் பேசுவதும், 1972-ல் அவர் ஹாக்ஸோடு பேசிய ஒலிப்பதிவும் கேட்கவேண்டியவை. 1949 ரேடியோ நாடகத்தில் வெய்ன், ட்ரூ, பிரென்னன் மூவரும் உண்டு, சமையல் வேலைக்கு நடுவே ஓடவிடலாம், உட்கார்ந்து கேட்க வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு முக்கியமான விஷயம்: இந்தியா ப்ளூரே கணக்கில் சி மண்டலம், இந்த டிஸ்க் ஏ மண்டலம், நம் ஊர்ச் சாதாரண பிளேயரில் போட்டால் மண்டலம் சரியில்லை என்று திரையில் ஒரு அறிவிப்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எல்லா மண்டலமும் எடுக்கும் பிளேயர் வேண்டும். தமிழ் சப்டைட்டில் கிடையாது, இங்கிலீஷ் மட்டும். தபாலில் வரவழைத்தால் சுங்க வரியும் கூலியும் சேர்ந்து டிஸ்க் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அதனால் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வருகிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் பயணப் பெட்டியில் ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், எடை ஒன்றும் பெரிதாக இல்லை. பெட்டியின் அட்டை மெல்லியது, துணிக்கு நடுவில் வைக்கச் சொன்னால் மூலை மடங்காமல் வந்து சேரும்.