கொல்லிமலை இறக்கத்துக்கு எந்த வலை வாங்கலாம்?

சின்ன லோடு வண்டிக்கு வலை வாங்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் கொக்கிகளோடு படம் போட்டிருக்கும் எலாஸ்டிக் வலை வேண்டாம். கயிற்றுக் கடையில் முடிச்சுப் போட்டுப் பின்னிய வலையை உங்கள் வண்டியில் சாமான் ஏற்றும் தொட்டியின் அளவு சொல்லி வாங்குங்கள். இரண்டையும் ஒரே வண்டியில், ஒரே ரோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி அசோக் லேலண்ட் தோஸ்த். தொட்டி நீளம் எட்டடிக்குக் கொஞ்சம் கூட வரும், அகலம் ஐந்தேகால் அடி. வீட்டுக்காரர் ஓட்டுவார். அடுக்குவதும் கட்டுவதும் என் வேலை. கொல்லிமலை சோளக்காடு சந்தையில் அன்னாசி, பலா, மலைவாழை, சீசன் வந்தால் மிளகு மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு காரவள்ளி வழியாக இறங்கி, சேந்தமங்கலத்திலும் நாமக்கல்லிலும் கடைகளுக்குப் போடுகிறோம். மேலே போகும்போது காலி கிரேட்டும் மளிகைச் சாமானும் இருக்கும். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. வலையைச் சோதிக்க இதைவிட நல்ல ரோடு கிடைக்காது.

ஏறும்போது லோடு மொத்தமும் பின் கதவின் மேல் சாயும். இறங்கும்போது கேபின் பக்கம் தள்ளும். வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கும், அடுத்த வளைவு எதிர்ப்பக்கமாகத் திரும்புவதால் ஒதுங்கியதெல்லாம் மறுபடி இந்தப் பக்கம் வரும். இப்படி இடமும் வலமுமாக ஆடித்தான் கட்டு தளர்கிறது. தரையில் நேராக ஓடும் வண்டிக்குப் போதுமான கட்டு மலையில் போதாது என்று சொல்வது இதனால்தான்.

எலாஸ்டிக் வலையை முதலில் பார்த்துவிடலாம். நான் வாங்கியது நாலுக்கு ஆறடி, இழுத்தால் எட்டுக்குப் பன்னிரண்டடி வரும் என்று போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை, வருகிறது. ஆனால் அப்படி இழுக்கும்போது வலைக்கண்ணும் சேர்ந்து விரிகிறதே! சும்மா இருக்கும்போது நாலு அங்குலம் இருந்த கண் எட்டு அங்குலமாகிவிடுகிறது. அன்னாசிப் பழம் கொண்டையோடு அதில் நுழைந்து வெளியே வரும். சரி, பாதிதான் இழுப்போம் என்றால் லோடு தள்ளும்போது வலையும் கூடவே போகிறது. ரப்பருக்கு வேலையே விட்டுக்கொடுப்பதுதான். ஒரு வளைவில் மேல் அடுக்குக் கிரேட் ஒன்று வலையையும் இழுத்துக்கொண்டு பக்கப் பலகைக்கு வெளியே சாய்ந்து நின்றது. பின்னால் பைக்கில் ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த வலையின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

கொக்கி விஷயமும் இருக்கிறது. இந்த மாதிரி வலைகளை வெளிநாட்டுப் பிக்கப் வண்டியை மனதில் வைத்துச் செய்கிறார்கள். அதில் தொட்டிக்கு உள்ளே, மூலையில் வளையம் இருக்கும். நம் வண்டிகளில் கயிறு மாட்டும் கொக்கி தொட்டிக்கு வெளியே, கீழே இருக்கிறது. அவ்வளவு தூரம் இழுத்து மாட்டும்போது கொக்கி கை நழுவினால் நேராக முகத்துக்கு வரும். கண் போய்விடும், இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த வலை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், மாட்டும்போது நேர் எதிரே நிற்காமல் ஒருபக்கமாக ஒதுங்கி நின்று மாட்டுங்கள். குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள். இன்னொன்று, வெயிலில் உள்ளே ரப்பர் நைந்துபோனாலும் மேலே சுற்றியிருக்கும் துணி புதிது போலவே இருக்கும். எப்போது அறுந்துவிடும் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்குப் பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கார் டிக்கியில் பை உருளாமல் இருக்க, கட்டி முடித்த தார்ப்பாய் படபடக்காமல் மேலே போட நன்றாக இருக்கும். லோடைப் பிடிக்க அல்ல.

அப்புறம் நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு கயிற்றுக் கடைக்குப் போனோம். லாரிக்கும் பாடி கட்டுவதற்கும் பேர் போன ஊர், தார்ப்பாய், கயிறு, கொக்கி எது வேண்டுமானாலும் கிடைக்கும். கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. “என்ன லோடும்மா ஏத்துவீங்க? அதுல ரொம்பச் சின்னது எது?” என்றார். அன்னாசி என்றேன். “அப்ப மூணு அங்குலக் கண் போதும். தேங்காய், எலுமிச்சைன்னா வேற சொல்லியிருப்பேன்” என்றார். ஏற்றும் சாமானில் மிகச் சின்னதைவிட வலைக்கண் சின்னதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆன்லைனில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்தடி வலை எடுத்தோம். உள்நூல் 4 மி.மீ. நைலான், ஓரக்கயிறு 12 மி.மீ. தடிமனில் பாலியெஸ்டர். ஓரத்தில் அடிக்கு ஒரு காது, அதாவது கொக்கியில் மாட்டும் வளையம், வைத்துத் தந்தார். 2,400 ரூபாய் ஆனது. எலாஸ்டிக் வலை 1,850. வித்தியாசம் பெரிதில்லை. தொட்டி அளவைவிட ஏன் இவ்வளவு பெரிது என்றால், மூன்று அடுக்குக் கிரேட் வைத்த பிறகு வலை மேலே படர்ந்து, இரண்டு பக்கமும் இறங்கி, வெளிக்கொக்கி வரை எட்ட வேண்டும். தொட்டி அளவுக்கே வாங்கினால் காலி வண்டிக்குத்தான் சரியாக இருக்கும்.

ஓரக்கயிறை மட்டும் பாலியெஸ்டரில் போட்டதற்குக் காரணம் மழை. நைலான் தண்ணீரைக் குடிக்கும், நனைந்தால் நீளும், பலமும் கொஞ்சம் குறையும். மலையில் காய்ந்த வலையை இறுக்கிக் கட்டி, பாதி வழியில் மழை பிடித்தால் அடிவாரத்தில் வலை தொளதொளவென்று இருக்கும். பாலியெஸ்டர் அப்படி நீளாது. உள்நூலும் அதிலேயே போட்டால் இன்னும் நல்லது, விலை கூடும். மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் கயிறு, அதாவது பாலிப்ரொப்பிலீன், தண்ணீரைக் குடிக்காது என்றாலும் வெயிலில் சீக்கிரம் உதிர ஆரம்பித்துவிடும். தினமும் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். வலை வாங்கிவிட்டால் லோடு கட்டியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். சாமான் மேலே எழும்புவதையும், உருண்டு வெளியே விழுவதையும் வலை பிடிக்கும். நகர்ந்து தள்ளும் கனமான சாமானைப் பிடிக்காது. ஐரோப்பாவில் லோடு கட்டுவதற்கு இருக்கும் இ.என். 12195 விதிப்படி, முன்பக்கம் சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையையும், பக்கவாட்டில் பாதி எடை அளவு விசையையும் கட்டு தாங்க வேண்டும். 50 கிலோ மிளகு மூட்டை ஒன்று பிரேக் அடிக்கும்போது 40 கிலோ தள்ளுத் தள்ளும். இருபது மூட்டை என்றால் 800 கிலோ. நாலு மில்லிமீட்டர் நூல் அதை நிறுத்துமா? மூட்டைகளைக் கேபின் சுவரை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடுக்கினால் சுவரே தாங்கும். நகர இடம் கொடுத்துவிட்டு மேலே எதைப் போட்டாலும் வீண்.

அதனால் நான் அடுக்குவது இப்படி. கனமானது அடியில், முன்னால். பலாப்பழம் எல்லாம் தொட்டித் தரையில், இடையில் காலிச் சாக்கைச் சுருட்டித் திணித்து. அதன் மேல் அன்னாசிக் கிரேட், ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் உட்காரும்படி. பக்கத்தில் ஒரு சாண் இடம் மிஞ்சினாலும் சாக்கோ வாழைச்சருகோ வைத்து அடைத்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் வலை. முன் மூலை இரண்டும் முதலில், பிறகு பின் மூலை இரண்டும், அப்புறம் பக்கக் காதுகளை ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி மாட்ட வேண்டும். ஒரே பக்கமாக மாட்டிக்கொண்டே போனால் மறுபக்கம் எட்டாது. கடைசியாக வலைக்கு மேல் குறுக்கே இரண்டு சுற்றுக் கயிறு. சாமான் விழாமல் வலை பார்க்கும், கயிறு கீழே அழுத்தும். எனக்குப் போதும் என்று தோன்றினாலும் வீட்டுக்காரர் “இன்னொரு சுத்து போட்டுடு” என்பார். போட்டுவிடுவேன்.

லோடு தாழ்வாக இருக்கும் நாளில் கவனம் கூடுதலாக வேண்டும். பக்கப் பலகை உயரத்துக்கும் கீழே சாமான் இருந்தால் வலை பலகைக்கு மேலேயே படர்ந்து நிற்கும், சாமானைத் தொடாது. அப்போது நடுவில் காலி கிரேட்டைக் கவிழ்த்து வைத்து உயரம் கொடுங்கள். வலை நன்றாக அழுந்தி உட்காரும்.

காலி கிரேட் ஏற்றும்போதுதான் இந்த வலையின் முழு அருமை தெரிகிறது. எடையே இல்லாத சாமான் காற்றில் எழும்பும். சேந்தமங்கலம் ரோட்டில் 60-ல் போனாலே மேல் கிரேட் ஆட ஆரம்பிக்கும். கயிறு மட்டும் போட்டால் கயிற்றுக்கு இடையில் இருப்பது பறந்துவிடும். வலை போட்ட பிறகு அந்தப் பயம் இல்லை.

ஃபிரிட்ஜ், பீரோ, மோட்டார் மாதிரி ஒற்றைச் சாமானுக்கு வலை எடுக்காதீர்கள், கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட்தான் சரி. அதில் தைத்திருக்கும் லேபிளில் எல்.சி. என்று ஓர் எண் இருக்கும். பெல்ட் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பது அதுதான், கிட்டத்தட்ட கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். லேபிளே இல்லாத பெல்ட்டை நான் வாங்குவதில்லை.

கட்டிவிட்டுக் கிளம்பினால் போதாது, நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர்கள் முதல் 50 மைலுக்குள் நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்கு 50 மைலுக்குள் மலையே முடிந்துவிடும். இறக்கம் தொடங்கி நாலைந்து வளைவு தாண்டியதும், வண்டி நிற்க இடம் இருக்கும் திருப்பத்தில் நிறுத்தி ஒரு சுற்று சுற்றி வருவேன். புதுக் கட்டு அந்த நேரத்தில்தான் அதிகம் தளரும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், லோடு தொட்டிக்குப் பக்கவாட்டிலோ, முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்துக்கு மேல் போனாலும் 20,000 ரூபாய் அபராதம். நீட்டிய லோடை இறக்கும் செலவும் நம்முடையது. நாலு கிரேட் சேர்த்து ஏற்றி வரும் லாபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முடிச்சு வலையில் குறையும் உண்டு. வாழைத்தார் மேல் நேராகப் போட்டால் முடிச்சு அழுந்தி, பழுக்கும்போது அந்த இடமெல்லாம் கறுக்கும், கடைக்காரர் விலையைக் குறைப்பார். வலைக்கு அடியில் சாக்கு விரித்துக்கொள்ள வேண்டும். பலாப்பால் ஒட்டினால் சோப்புக்குப் போகாது, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போகும். பழ வாசனையோடு வீட்டில் சுருட்டி வைத்தால் எலி கடிக்கும், அலசிக் காயவைத்துக் கொடியில் தொங்கவிடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை சிக்கு. அவசரமாகக் கழற்றிக் குவித்துப் போட்டால் மறுநாள் விடியற்காலையில் சிக்கெடுக்கவே நேரம் போய்விடும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பின்னாலிருந்து முன்னால் சுருட்ட வேண்டும். முன்பக்க ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், இருட்டில் டார்ச் அடித்தால் எது முன்பக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

நடுவில் இரண்டு கண் அறுந்தது, கிரேட்டின் உடைந்த மூலை உரசி. கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் அங்கேயே உட்கார்ந்து பின்னிக் கொடுத்தார், எப்படிப் பின்னுவது என்றும் காட்டினார். அதே நூலில் ஒரு சுருளும் வலை பின்னும் ஊசியும் வாங்கி வண்டியிலேயே போட்டிருக்கிறேன். அடுத்து வாழைத்தாருக்கென்று முடிச்சில்லாத வலை ஒன்று சொல்லியிருக்கிறேன். வந்ததும் போட்டுப் பார்த்துவிட்டு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.