நாவல் எழுதும்போது எதைக் கேட்பது: பிஜிஎம்மா, மழைச் சத்தமா, வீணையா?

என் ஓட்டு வீணை ஆலாபனைக்கு, அதாவது பாட்டின் வரியும் தாளமும் இல்லாமல் ஒரு ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பதற்கு. கீழே வரும் ஒப்பீடு நடுநிலையானது இல்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழத்தஞ்சைக் குடும்பம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதிக்கொண்டே சினிமாப் பின்னணி இசை (பிஜிஎம்), மழைச் சத்தம், ஆம்பியன்ட் (சூழலோடு கலந்து மெல்ல ஓடும் இசை), தம்பூரா என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

பாட்டு வேண்டாம். காதில் ஒரு தமிழ் ஓடும்போது கையில் இன்னொரு தமிழ் வராது. புரியாத மொழிப் பாட்டு என்றால் பரவாயில்லை என்பார்கள். அதுவும் அவ்வளவு உறுதியில்லை. கேட்பவருக்குத் தெரியாத மொழியில் பேச்சு ஓடினாலே எழுத்துகளை வரிசையாக நினைவில் வைப்பது தடுமாறுகிறது என்று கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1976லேயே காட்டியிருக்கிறார்கள். மறுபக்கம், அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் ஏசி/டிசி, மெட்டாலிகா போன்ற ஹார்ட் ராக்கைச் சத்தமாக வைத்துக்கொண்டு எழுதியவர். ஆனால் அவருக்கு இசை என்பது உலகத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் வழி. மனநிலைக்காகக் கேட்பது வேறு விஷயம்.

கதவைச் சாத்துவதுதான் தேவை என்றால் மழைச் சத்தமே போதும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் தெருவில் போகும் தண்ணீர் லாரியும் அடங்கிவிடும். மனநிலை எதையும் அது தராது, கெடுக்கவும் செய்யாது.

அடுத்து பிஜிஎம். இளையராஜாவின் பின்னணி இசைத் தொகுப்புகள் யூடியூபில் மணிக்கணக்கில் கிடைக்கின்றன. போட்ட நிமிடமே மனசு இளகிவிடும். உட்கார்ந்தும் எழுத வராத நாட்களில் இதற்கு ஈடே இல்லை. ஆனால் அந்த இசை ஏற்கெனவே வேறு யாரோ அழுத காட்சிக்காகப் போட்டது. அந்த முகமும் கூடவே வந்துவிடும். சரி, படத்துக்காகப் போடாததைக் கேட்கலாமே என்று 'ஹவ் டு நேம் இட்' (1986) பக்கம் போனேன். இசையாக அது எனக்கு உயிர். என்ன செய்ய, பாலு மகேந்திரா அதை எடுத்து 'வீடு' படத்தில் வைத்துவிட்டார். படம் பார்த்தவனுக்கு அந்த வயலின் எழுந்தாலே பாதி கட்டிய வீடும் அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரும்தான் கண்ணில் நிற்பார்கள். என் நாவலில் வரும் தாத்தாவுக்கும் மெல்ல மெல்ல பாகவதரின் முகம் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது.

இதைக்கூடச் சமாளித்துவிடலாம். நான் பிஜிஎம்மை விட்டதற்குக் காரணம் வேறு: இசையை நிறுத்தினால் தாளில் என்ன மிஞ்சுகிறது? வாசகர் நம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படிக்கப் போவதில்லை. மற்ற எல்லா வசதியையும்விட இந்த ஒன்றைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நாவலில் ஒரு தாய், மகளின் பிரசவச் செலவுக்காகப் பித்தளைக் குத்துவிளக்கை அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறாள். இந்தக் காட்சியை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். பிஜிஎம் ஓட எழுதியதில் "நெஞ்சு கனத்தது", "கண்கள் குளமாயின", "காலம் உறைந்து நின்றது" என்று வரிக்கு வரி வந்து விழுந்தது. எழுதும்போது ஒவ்வொரு வரியும் எனக்கே தொண்டையை அடைத்தது. மறுநாள் காலையில் மின்விசிறிச் சத்தத்தில் வாசித்தால் ஒன்றுமே இல்லை. கனத்ததெல்லாம் வயலின்கள்தான். வீணை ஓட எழுதியதில் அந்த அம்மாள் அழவில்லை. கடைக்காரர் விளக்கைத் தராசில் வைக்கப்போகும்போது தடுத்து, "எண்ணெய்ப் பிசுக்கு இருக்குங்க, துடைச்சிட்டுத் தர்றேன், அப்புறம் எடை போடுங்க" என்கிறாள். முந்தானையால் துடைக்கிறாள், ரொம்ப நேரம். இந்தப் பத்தி மறுநாளும் நின்றது. அவளுக்காக அழும் வேலையை வீணை எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் காட்சிக்குள்ளேயே எதையாவது தேட வேண்டியிருந்தது.

ஏன் ஆலாபனை என்று குறிப்பாகச் சொல்கிறேன்? கீர்த்தனையை வீணையில் வாசித்தாலும், சாகித்தியம் (பாட்டின் வரிகள்) தெரிந்தவர் மனசு உள்ளுக்குள் பாடத் தொடங்கிவிடும். சாக்ஸபோனில் வரும் சினிமாப் பாட்டுக்கும் இதே கதிதான். ஆலாபனையில் அப்படிப் பாடுவதற்குச் சொல்லே கிடையாது. தாளக்கட்டும் இல்லை. சீரான தாளம் ஓடினால் என் வாக்கியங்கள் ஒரே நீளத்தில் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. ஆலாபனையில் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் வீணையின் நாதம் மீட்டியதும் மெல்ல அடங்கும். அடுத்த மீட்டு வரும்வரை ஓர் இடைவெளி கிடைக்கும். புல்லாங்குழலும் வயலினும் இந்த அளவுக்கு இடம் விடுவதில்லை.

நான் அதிகம் கேட்பது எஸ். பாலச்சந்தர். தந்தியை இழுத்து இழுத்து ஒரே இடத்தில் நின்று ராகத்தைத் துருவுகிறவர். (பாட்டே இல்லாத தமிழ்ப் படமாக 1954ல் 'அந்த நாள்' எடுத்தவரும் இவர்தான்.) இன்னும் நீளமாக வேண்டும் என்றால் இந்துஸ்தானிக் கலைஞர் ஜியா மொகிதீன் டாகரின் ருத்ர வீணை. முதல் சில நிமிடங்களில் இரண்டு மூன்று ஸ்வரத்தைத் தாண்டவே மாட்டார். ஆனால் இந்துஸ்தானி ஆலாபனை ஜோட், ஜாலா என்ற பகுதிகளுக்குப் போகப்போக வேகம் பிடிக்கும். அங்கே வந்ததும் நிறுத்திவிட்டுத் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

சோகக் காட்சிக்கு முகாரி என்று ராகத்துக்கு மனநிலை லேபிள் ஒட்டித் தேடுவதும் தேவையில்லை. அது பிஜிஎம் பழக்கத்தின் மிச்சம். சபரியின் பாக்கியத்தை வியந்து தியாகராஜர் பாடிய கீர்த்தனையே முகாரியில்தான் இருக்கிறது. அடகுக்கடைக் காட்சியின்போது எனக்கு ஓடியது கல்யாணி ராகம்.

வீணையிலும் குறைகள் உண்டு. கச்சேரிப் பதிவென்றால் கைதட்டல் வரும், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) வரும். மிருதங்கம் ஏறினால் எழுத்து நின்றது. ஆலாபனைப் பகுதியை மட்டும் தனியே சேர்த்து வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது செலவாகும். யூடியூபில் நேராகக் கேட்டால், தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தில் தோய்ந்திருக்கும்போது நகைக்கடை விளம்பரம் வந்து குதிக்கும். தோடி என்றதும் டி.என். ராஜரத்தினம் பிள்ளை நினைவுக்கு வருவார். அவர் நாதஸ்வரத்தை எழுதும்போது போடவே கூடாது. இரண்டே நிமிடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்க உட்கார்ந்துவிடுவீர்கள்.

கவனத்தை இழுக்காமல் இருப்பது என்ற இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலேய இசைக் கலைஞர் பிரையன் ஈனோ ஜெயிக்கிறார். விமான நிலையங்களுக்கென்று அவர் வெளியிட்ட ஆம்பியன்ட் இசையின் நோக்கமே, கவனித்தால் சுவையாகவும் கவனிக்காவிட்டால் தொந்தரவில்லாமலும் இருப்பது. வீணையைவிட லேசாகப் பின்னால் போய் நிற்கும். எனக்குத்தான் அதில் ஊர் எதுவும் தெரியவில்லை. கதை சென்னை ஓ.எம்.ஆர். அடுக்ககத்தில் நடந்தால் ஒருவேளை அதுவே பொருந்தும். மேற்கத்திய சாஸ்திரிய இசையையும் ஜாஸையும் எழுதும்போது போதுமான அளவு கேட்டுப் பார்க்கவில்லை. அதனால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

உரையாடல் எழுதும்போது வீணையையும் நிறுத்திவிடுகிறேன். பாத்திரங்கள் பேசுவது காதில் விழ வேண்டுமே. திருத்தும் வேலைக்குத் தம்பூரா ஆப் போதும், அதுவும் குறைந்த சத்தத்தில். துரத்தல், கொலை, கடத்தல் என்று போகும் த்ரில்லர் எதுவும் நான் எழுதியதில்லை. அங்கே வேகம் பிடிக்க பிஜிஎம் உதவலாம் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அப்போதும் மறுநாள் காலையில் ஹெட்போன் இல்லாமல் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது.